கதவுக் கண்ணாடி வழியே வெர்லின் ஷெப்

வெர்லின் ஷெப்பை இதை எழுதுகிறவன் முதன்முதலில் பார்த்தது ஒரு வகுப்பறைக் கதவில். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. கதவில் பதித்திருந்த நீளவாக்குக் கண்ணாடியில் ஒரு கிழவரின் முகம் வந்து நின்றது. தலையில் விதைக் கம்பெனித் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. யாரையோ எண்ணுவதுபோல வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பார்த்தவன் முதலாண்டு மாணவன். மூன்று தலைமுறையாக மாடு வளர்த்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். எவர் கதவில் வந்து நின்றாலும் தன்னை வெளியே அனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்த காலம் அது.

"யாரைத் தேடறாரு?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டதற்கு, அவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான்: "நம்மளை இல்ல. ஃபுட்பால் பசங்களை. நீயும் நானும் இங்கயே செத்துக் கிடந்தாலும் அவர் பட்டியல்ல வர மாட்டோம்."

பின்னால் அந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலை கிடைத்து, வெர்லினோடு ஒரே கட்டடத்தில் இரண்டு வருடம் இருக்க நேர்ந்தது. இந்தக் கதையில் வருவதில் பாதி அவர் வாயால் கேட்டது. மீதி அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

கன்சாஸ் மாநிலத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் டெல்வுட். ஊரில் இருப்பவை இரண்டுதான்: தானியக் கிடங்கு, பல்கலைக்கழகம். வெர்லின் முப்பத்தொரு வருடம் கிடங்கில் எடை மேடையில் நின்றவர். லாரி வரும், தேதி, நேரம், எடை எழுதுவார், லாரி போகும். முழங்கால் இரண்டும் போனபிறகு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு முன்பே அவர் மனைவி டார்லீன், தன் அக்காவோடு குளிர்காலத்தை மட்டும் கழித்துவிட்டு வருவதாக அரிசோனா போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் பேசுகிற பொருள் என்று ஒன்று மிச்சமிருந்தால் அது குளிர்சாதனப் பெட்டிதான். அது ஓடும்போது ஒரு சத்தம், நிற்கும்போது ஒரு சத்தம்.

அப்போதுதான் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் இந்த வேலை காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆட்டக்காரர்கள் வகுப்புக்குப் போகிறார்களா என்று கதவு கதவாகப் போய்ப் பார்த்து வர வேண்டும். உள்ளே நுழையக் கூடாது, பேசக் கூடாது. இருந்தால் டிக், இல்லாவிட்டால் வட்டம். மணிக்குப் பன்னிரண்டு டாலர். வட்டம் விழுந்தவனை மறுநாள் விடிவதற்கு முன் பயிற்சியாளர் மைதானத்துப் படிக்கட்டுகளில் ஏறி இறங்க விடுவார். ஆகவே பையன்களுக்கே வெர்லின் கண்ணில் படுவதில் அக்கறை உண்டு. கண்ணாடியில் முகம் தெரிந்ததும் ஆளாளுக்குப் பேனாவை உயர்த்துவார்கள். அவர் குறித்துக்கொண்டு நகர்வார். ஒரு நாளைக்கு ஆறு மைல் நடை. முழங்காலுக்கு ஆகாத வேலை என்று மருத்துவர் சொன்னார். வெர்லின் மருத்துவரை மாற்றிக்கொண்டார்.

தொடக்கத்தில் வந்த பையன்களை அவர் நாலு வருடம் முழுக்கப் பார்த்தார். தாடி முளைப்பதை, கை உடைந்து கட்டுப் போடுவதை, யார் பக்கத்தில் எந்தப் பெண் உட்காருகிறாள் என்பதை, அப்புறம் அவள் உட்காராமல் போவதை. ஒருவரோடும் பத்து வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அவர்களைத் தெரியும்.

பிறகு காலம் மாறியது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம் என்றாயிற்று. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் எந்த வருடமும் மாறிப் போகலாம் என்றாயிற்று. போக நினைப்பவன் கணினியில் ஒரு பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டால் போதும். அதைத்தான் எல்லோரும் போர்ட்டல் என்றார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் வெர்லின் கையில் ஆட்டக்காரர்களின் முகங்கள் அச்சிட்ட ஒரு படத்தாள் வரும்; பாதிப்பேர் புதிது. சமையல்மேசையில் வைத்து மனப்பாடம் செய்வார். மனப்பாடமாகும்போது ஆள் போயிருப்பான்.

"நம்ம பசங்க எங்க போனாங்க?" என்று ஒரு தடவை மேலாளரிடம் கேட்டார்.

அந்த மேலாளர் கிரிஸ்டா டால்கிரென், ஆட்டக்காரர்களின் படிப்பைக் கவனிக்கும் அதிகாரி. நாற்பது வயது, எப்போதும் ஓட்டத்தில் இருப்பவள். "பாதிப் பேர் போயிட்டாங்க வெர்லின். வந்தவங்களும் அடுத்த வருஷம் போயிடுவாங்க. பேரை மனசுல வச்சுக்காதீங்க, நம்பரை வச்சுக்குங்க," என்றாள்.

போகாமல் இருந்தவன் லட்ரெல் பிக்கெட். கிழக்கு டெக்சஸ்காரன், எதிரணி முன்னேறாமல் தடுக்கும் வரிசையில் ஆடுபவன், வாசல் நிலை இடிக்கும் உயரம். மூன்றாவது வருடமாக அவன் முகத்தை வெர்லின் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலிலேயே அவருக்கு மிகப் பழைய முகம் அதுதான். ஒரு நாள் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டார்கள்.

"பெருசு, ஒரு நாளாச்சும் உள்ள வந்து உக்காருங்க. நீங்க நின்னு நின்னு கதவே தேஞ்சு போச்சு," என்றான் லட்ரெல்.

"வெளிய நிக்கறதுக்குத்தான் தம்பி எனக்கு மணிக்குப் பன்னெண்டு டாலர். உள்ள வந்தா நான் அவங்களுக்குக் குடுக்கணும்."

அவன் தண்ணீர் சிந்தச் சிரித்தான். வெர்லின் அன்று வீட்டுக்குப் போய், தான் சொன்னதைத் தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருடம் நவம்பர் முதல் வாரம், திங்கட்கிழமைப் பட்டியலில் லட்ரெல் பெயர் இல்லை.

"பிக்கெட் விட்டுப் போச்சு," என்று தாளை டால்கிரெனிடம் நீட்டினார்.

"விட்டுப் போகல. நான்தான் எடுத்தேன். சீசன் முடிஞ்சதும் போறேன்னு கோச்சுகிட்டச் சொல்லிட்டானாம். கோச், அதுவரைக்கும் எதுக்கு, இப்பவே போன்னு லாக்கரைக் காலி பண்ண வச்சுட்டாரு."

"வகுப்பு இன்னும் அஞ்சு வாரம் இருக்கே."

"இருக்கு. அது அவன் பாடு. இனிமே அவன் நம்ம ஆள் இல்ல வெர்லின். நம்ம ஆள் இல்லாத மாணவன் எங்க இருக்கான்னு நாம பார்க்கக் கூடாது, குறிக்கக் கூடாது. சட்டமே அப்படித்தான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார் வெர்லின்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணி, நிலவியல் வகுப்பு. இருநூறு பேர் உட்காரும் கூடம், கதவு பின்பக்கம். வழக்கமாக ஃபுட்பால் பையன்கள் ஐந்து பேர் மூன்றாவது வரிசையில் பக்கம் பக்கமாக உட்காருவார்கள். அன்று நான்கு தலைகள்தான் தெரிந்தன. நடுவில் ஒரு நாற்காலி பல் விழுந்ததுபோலக் காலி. வெர்லின் நாலு டிக் போட்டுவிட்டு நகரப் போனார். அப்போது கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி, கடைசி வரிசையில் ஒரு பேனா உயர்ந்தது. லட்ரெல். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வரிசையில் அவனைத் தவிர ஆளே இல்லை.

உயர்ந்த பேனாவைப் பார்த்துவிட்டுச் சும்மா போக வெர்லினுக்குக் கை வரவில்லை. துறையின் தாளில் இடம் இல்லை. சட்டைப்பையில் விதைக் கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுக்கும் சின்ன நோட்டு இருந்தது. லாரி எடை எழுதிய பழக்கத்தில் எழுதினார்: தேதி, 9.41, அறை 114, பிக்கெட், டிக். வியாழக்கிழமையும் அப்படியே. அடுத்த வாரமும். தப்பு என்று தெரியும். யாருக்கும் காட்டப் போவதில்லையே என்று சமாதானம் செய்துகொண்டார்.

அந்த வாரத்தில் ஒரு மதியம், பெட்ரோல் பங்குக்கு வெளியே உள்ள பெஞ்சில் லட்ரெல் தனியாக உட்கார்ந்து பீட்சாத் துண்டு தின்றுகொண்டிருந்தான். ஆட்டக்காரர்களுக்கென்று தனிச் சாப்பாட்டுக் கூடம் உண்டு. அவன் அட்டையை நிறுத்திவிட்டார்கள். வெர்லின் தன் காகிதப் பையோடு மறுமுனையில் உட்கார்ந்தார்.

"உள்ள இன்னிக்குச் சில்லிக் குழம்பும் சினமன் ரோலும்," என்றான் லட்ரெல், கூடத்தின் பக்கம் தாடையை நீட்டி. "மூணு வருஷத்துல ஒரு வியாழக்கிழமைகூட விட்டதில்ல."

வெர்லின் தன் பையிலிருந்த இனிப்பு ரோலைப் பாதியாகப் பிய்த்து நீட்டினார். அவன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

"ஏன் தம்பி போற?"

"போன ஜனவரில ஒருத்தனைக் கொண்டு வந்தாங்க. என் இடத்துல ஆடறவன். எனக்குக் குடுக்கற மாதிரி எட்டு மடங்கு அவனுக்கு. நான் அவனுக்கு ஆட்டத்தைச் சொல்லித் தரணுமாம். தந்தேன். இப்ப ஆர்கன்சால ஒரு காலேஜ், நீ வந்து ஆடுன்னு என்னையும் அதே மாதிரி பணம் தந்து கூப்பிடுது. வீட்டுல எங்கம்மா ரெண்டு வேலை பார்க்குது பெருசு. நான் என்ன சொல்லட்டும்?"

"பசங்க பேசறதில்லையா?"

"குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க. அவங்க பக்கத்துல உக்கார முடியாதுன்னுதான் பின்னாடி வந்துட்டேன். அதுல கோல்ட்டனோட ரெண்டு வருஷம் ஒரே ரூம். நேத்து லிஃப்ட்ல என்னைப் பார்த்துட்டு மாடி ஏறிப் போறான், ஒன்பதாவது மாடிக்கு."

"காலுக்கு நல்லது," என்றார் வெர்லின். பிறகு, "என் வீட்டுக்காரி பன்னெண்டு வருஷம் முன்னாடியே போர்ட்டல்ல பேர் குடுத்துட்டா. அரிசோனால எடுத்துக்கிட்டாங்க."

லட்ரெல் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த நிலவியல்தான் ஒரே தலைவலி," என்றான் எழுந்துகொண்டே. "இந்த மூணு கிரெடிட் கிடைச்சாத்தான் அங்க ஆட விடுவாங்க. ஆடலன்னா பணம் இல்லன்னு ஒப்பந்தக் காகிதத்துலயே இருக்கு. பாறை பேரெல்லாம் படிச்சுட்டு இருக்கேன்."

டிசம்பர் நடுவில் தேர்வு முடிந்தது. இரண்டு நாள் கழித்து, வெர்லின் படிப்புக் கட்டடத்தில் வெப்பக்குழாய் அருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது வாசல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். லட்ரெலின் அட்டைக்கு அந்தக் கதவு இப்போது திறக்காது. வெர்லின் எழுந்துபோய்த் திறந்துவிட்டார்.

"ஃபெயில் போட்டிருக்காங்க பெருசு." போனில் வந்த மதிப்பெண்ணைக் காட்டினான். "பரிட்சைல எழுபத்தெட்டு. ஆனா பத்து நாள் வரலையாம். ஆறு நாளுக்கு மேல வரலன்னா ஃபெயில்."

"நீ வந்தியே."

"வந்தேன். ஆனா அந்த வகுப்புல வருகை எடுக்கறது நாற்காலிய வச்சு. யாருக்கு எந்த நாற்காலின்னு படம் போட்டு வச்சிருக்காங்க. உதவியாளர் மேடைல நின்னு காலி நாற்காலியை மட்டும் எண்ணுவாராம். என் நாற்காலி மூணாவது வரிசைல காலியா கிடந்திருக்கு. நான் இருந்தது பின்னாடி. எனக்கு அது தோணவே இல்ல."

"பசங்க சொல்ல மாட்டாங்களா?"

"கோல்ட்டனைக் கேட்டேன். 'நாங்க முன்னாடி பார்த்து உக்காந்திருந்தோம்டா, பின்னாடி யார் இருக்கான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்'ங்கறான். பொய்யும் இல்ல." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மார்க் முறையீட்டைக் கேக்கற குழு கூடுது. நான் இருந்ததைப் பார்த்த ஒருத்தர் வேணும். பார்த்தது நீங்க மட்டுந்தான்."

வெர்லின் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர் முதலில் போனது டால்கிரெனிடம்தான். முதுகுக்குப் பின்னால் எதையும் செய்து பழக்கமில்லாதவர். நோட்டை மேசைமேல் வைத்தார். அவள் நாலு பக்கம் புரட்டிவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"நான் உங்ககிட்ட என்ன சொன்னேன் வெர்லின்?"

"பார்க்கக் கூடாதுன்னு."

"அப்புறம்?"

"பேனாவைத் தூக்கினான்."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இதை நீங்க எனக்குக் காட்டல. நான் பார்க்கல. எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ஜனவரில வழக்கம்போல வாங்க. ஆனா இதைக் குழு முன்னாடி வச்சுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, நம்ம துறை ஆள் ஒருத்தர் நம்ம பட்டியல்ல இல்லாத மாணவனை அஞ்சு வாரம் வேவு பார்த்தார்னு எழுத்துல ஆயிடும். அப்புறம் நானே நினைச்சாலும் உங்களை வச்சுக்க முடியாது. செப்டம்பர்ல அவன் போற காலேஜோடதான் நமக்கு முதல் ஆட்டம், அதையும் மேல இருக்கறவங்க மறக்க மாட்டாங்க."

"அவன் வகுப்புல இருந்தான், கிரிஸ்டா."

"தெரியுது. அவனுக்காக வேலையை விடுவீங்களா? ஆர்கன்சா போனதும் உங்களுக்கு ஒரு கார்டு போடுவான்னு நினைக்கறீங்களா?"

"இல்ல," என்றார் வெர்லின். அப்படி அவர் நினைக்கவில்லைதான்.

அடுத்த இரண்டு நாளும் அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. பணம் அவருக்குப் பெரிதில்லை. கிடங்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்து போவதற்கு ஒரு கதவு இருந்தது, அதற்குப் பின்னால் அவரைப் பார்த்ததும் பேனா தூக்கும் முகங்கள் இருந்தன. அவை மாறும், ஓடும், பெயர் நிற்காது. இருந்தாலும் இருபது கதவு, நாற்பது முகம். அதைவிட்டால் மார்ச் வரை பனியும் குளிர்சாதனப் பெட்டியும்தான். நோட்டை அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒருமுறை அடுப்பைப் பற்றவைத்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதில் காப்பி போட்டுக் குடித்தாராம்.

வெள்ளிக்கிழமை காலை குழு அறைக்கு வெளியே லட்ரெல் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் தோள்கள் தளர்ந்தன. சாட்சியின் பெயர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"பெருசு..." என்று தயங்கினான். "உங்க பேர் என்ன?"

மூன்று வருடம். வெர்லின் சொன்னார், ஷெப் என்பதற்கு எழுத்தும் சொன்னார்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த வேதியியல் பேராசிரியை நோட்டை விரலால் நகர்த்தினார். "இந்த மாணவர் உங்க பட்டியல்ல இருந்தாரா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குப் பார்த்தீங்க?"

வெர்லின் யோசித்தார். "அவன் அங்க இருந்தான்," என்றார்.

"இதை நேத்து ராத்திரி உக்காந்து எழுதியிருக்க முடியாதா? பத்துத் தேதி, பத்து டிக். யாரும் எழுதிடலாமே."

"ஒன்பது டிக்குத்தாம்மா."

பேராசிரியை மறுபடி நோட்டைப் பார்த்தார். பதினெட்டாம் தேதி, 9.40, அறை 114, பிக்கெட். அங்கே டிக் இல்லை. வட்டம்.

லட்ரெல் எட்டிப் பார்த்தான். முகம் தொங்கிப் போயிற்று. "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்," என்றான் முணுமுணுப்பாக. "படுத்துட்டேன்."

"பொய் எழுதற ஆளா இருந்தா அதையும் டிக்காப் போட்டிருப்பார்," என்றார் ஓரத்தில் இருந்த கிழ உறுப்பினர், அதுவரை வாயே திறக்காதவர். பேராசிரியை நோட்டை மூடினார். வெர்லின் தன் வாக்குமூலத்தின் கீழே, எடைச் சீட்டில் போடும் அதே சாய்வான கையெழுத்தைப் போட்டார். பன்னிரண்டு மணிக்குள் மதிப்பெண் திருத்தப்பட்டுவிட்டது.

லட்ரெலின் கார் ஏற்கெனவே மூட்டைகளோடு வெளியே நின்றது. பனிப்புயல் வருவதற்குள் ஓக்லஹோமா தாண்டிவிட வேண்டும் என்றான். "என்ன சொல்றதுன்னே தெரியல, மிஸ்டர் ஷெப்." முதல் தடவையாகப் பெயர் சொல்லி அழைத்தான். பெருசு என்றே சொல்லியிருக்கலாம் என்று வெர்லினுக்குத் தோன்றியது. அவர் தொலைபேசி எண்ணை வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டான். கையைக் குலுக்கினான். அந்தக் கை அவருடையதைப்போல இரண்டு மடங்கு. கார் தானியக் கிடங்கைத் தாண்டித் தெற்கே திரும்பும் வரை வெர்லின் நின்றார்.

அன்று மாலையே கதவு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். டால்கிரென் வாசல் வரை வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டை சரியில்லை என்றாள்.

ஜனவரியில் அந்த வேலைக்கு ஒரு மாணவியைப் போட்டார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் விரைவாகப் போவாள். பையன்கள் அவளுக்கும் பேனா தூக்குகிறார்கள்.

லட்ரெல் ஆர்கன்சாவில் ஒரு சீசன் நன்றாக ஆடினான். மறுவருடம் இன்னும் பெரிய தொகைக்கு ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறினான். அவன் அம்மா இப்போது ஒரு வேலைதான் பார்க்கிறாள் என்று பத்திரிகையில் வந்தது. வெர்லினைக் கூப்பிட்டானா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "எதுக்குக் கூப்பிடணும்? பாஸாகணும்னான். ஆயிட்டான்." பிறகு, கேட்காமலே, "நம்பர் மாறலை, அதேதான் வச்சிருக்கேன்," என்றார்.

வெர்லின் ஷெப்புக்கு இப்போது அறுபத்தாறு வயது. டெல்வுட்டில் ஏழாம் தெருவில் தனியாக இருக்கிறார். கோதுமை அறுவடை நடக்கும் மூன்று வாரம் மட்டும் எடை மேடைக்கு ஆள் போதாமல் கிடங்கில் கூப்பிடுகிறார்கள். போய் வருகிறார். மற்ற நாட்களில் வீட்டில்தான் இருக்கிறார்.